ஜவ்வுக்குப் பின்னால் தேங்கும் நீர்

ஐப்பசி பிறந்து மேற்கு மலையில் மழை இறங்கிவிட்டால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குழந்தை டாக்டர்களின் வாசலில் செருப்புக் குவியல் பெரிதாகும். சளி, இருமல், காய்ச்சல் என்று வரும் கூட்டத்தில் சில தாய்மார்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: “ராத்திரி பூரா அழுகை சார். காதைக் காதைப் பிடிச்சு இழுக்கான்.”

இதை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டர் எந்த முடிவுக்கும் வர முடியாது. பல் முளைக்கும்போதும் குழந்தை காதை இழுக்கும். தூக்கம் வரும்போதும் இழுக்கும். தொண்டை புண்ணாகியிருந்தாலும் வலி காதில் தெரியும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். ஆகவே காதுக்குள் பார்த்தே தீர வேண்டும். குழந்தை மருத்துவத்தின் சிரமமான வேலைகளில் அந்தப் பார்வையும் ஒன்று. சின்னத் துவாரம், அதை அடைத்துக்கொண்டு குறும்பி, கையையும் காலையும் உதறி அலறும் பிள்ளை, வெளியே நீளும் வரிசை.

பார்க்க வேண்டியது செவிப்பறையை. ஊர்ப் பேச்சில் அது காது ஜவ்வு. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் நடுக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போது அந்த அறையில் காற்றுதான் இருக்கும். அங்கே வரிசையாகக் கோத்துக்கொண்டிருக்கும் மூன்று எலும்புகள் ஜவ்வின் அதிர்வை உட்காதின் திரவத்துக்குக் கடத்துகின்றன. காற்றில் வரும் ஒலி நேராக நீரில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மிச்சம் திரும்பிவிடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் நடுக்காது இருக்கிறது. கடைசி எலும்பின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு பரப்புள்ள ஜவ்வு ஒலியை வாங்கிக் குவிக்கிறது. எலும்புகள் நெம்புகோலாக இருந்து இன்னும் கொஞ்சம் கூட்டித் தருகின்றன. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேல் பெருக்கிவிடுகின்றன. இத்தனையும் நடக்க வேண்டுமானால் ஜவ்வின் இரு பக்கமும் காற்று இருக்க வேண்டும், அந்தக் காற்றின் அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும்.

அழுத்தத்தைச் சமன் செய்வது மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஏறும் ஒரு குழாய். யூஸ்டேசியன் குழாய் என்று பெயர். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். மலைப் பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்து, விழுங்கினால் ‘டப்’பென்று விடுகிறதல்லவா, அது இந்தக் குழாய் திறக்கும் சத்தம். பெரியவர்களுக்கு இது மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் நன்றாகச் சரிந்து இறங்கும். கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதிதான். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் கிடக்கும். திறக்கும் தசைக்கும் இன்னும் பலம் வந்திருக்காது. பற்றாததற்கு அதன் வாயருகே மூக்கடிச் சதை (அடினாய்டு) வீங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சளி பிடித்ததும் குழாய் அடைபடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை நடுக்காதுச் சுவரின் சவ்வு மெல்ல மெல்ல உறிஞ்சிவிட, அழுத்தம் குறைந்து ஜவ்வு உள்வாங்குகிறது. வெற்றிடத்தை நிரப்பச் சவ்விலிருந்து நீர் கசிகிறது. மூக்கில் குடியிருக்கும் கிருமிகள் (நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா மூன்றும்தான் முக்கியமானவை) அந்த நீருக்குள் புகுந்தால் சீழ். புகாவிட்டால் வெறும் நீர்.

சீழா, வெறும் நீரா என்பதுதான் நோயறிதலின் முடிச்சு. இரண்டிலும் காது அடைத்திருக்கும். முதலாவது கடுமையான தொற்று: வலி, காய்ச்சல், அழுகை. இரண்டாவதில் வலியே இருக்காது. ஆங்கில மருத்துவர்கள் பேச்சுவழக்கில் அதைப் பசைக் காது என்பார்கள், நாளாக ஆக அந்த நீர் பசைபோல் கெட்டியாவதால். முதலாவதற்குச் சில சமயம் ஆன்டிபயாடிக் வேண்டும். இரண்டாவதற்கு அது உதவாது. சளி மருந்தும் அலர்ஜி மாத்திரையும் கொடுத்து நீரை வற்றவைக்க முடியாது என்பதும் நன்றாகச் சோதித்து முடிந்த விஷயம். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சீட்டு எழுதப்படுவது நம் நாட்டில் மட்டுமல்ல, உலகமெங்கும் நடக்கிறது.

காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பாக இருக்கிறது என்பார்கள். சிவப்பை நம்பக் கூடாது. அழுகிற பிள்ளையின் முகம் சிவப்பதுபோல ஜவ்வும் சிவக்கும், காய்ச்சலிலும் சிவக்கும். உண்மையில் நம்பத் தகுந்த அடையாளம் புடைப்பு. பின்னால் சீழ் முட்டுவதால் ஜவ்வு வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது: ஜவ்வு நன்றாகப் புடைத்திருக்க வேண்டும், அல்லது புதிதாகச் சீழ் வடிந்திருக்க வேண்டும், அல்லது இலேசான புடைப்புடன் இரண்டு நாளுக்குள் தொடங்கிய வலியோ கடும் சிவப்போ இருக்க வேண்டும். நடுக்காதில் நீரே இல்லையென்றால் தொற்று என்று எழுதாதே என்றும் அது சொல்கிறது.

நீர் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வெறும் பார்வை போதாது, ஜவ்வைத் தள்ளிப் பார்க்க வேண்டும். 1864இல் சீகிள் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு கருவி செய்தார். காதுத் துவாரத்தில் காற்றுப் புகாதபடி பொருந்தும் கூம்பு, முன்னால் உருப்பெருக்கும் கண்ணாடி, பக்கத்தில் ஒரு ரப்பர்க் குமிழ். குமிழை அழுத்தினால் ஆரோக்கியமான ஜவ்வு உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். பின்னால் நீர் நின்றால் அசையாது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் அதன் வாரிசான காற்றுக் குமிழ் வைத்த ஓட்டோஸ்கோப்தான் இன்றைக்கும் முதல் பரிந்துரை. விலையும் பெரிதில்லை. ஆனால் அந்த ரப்பர்க் குமிழை எடுத்துப் பொருத்த யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பிள்ளையைத் தாய் மடியில் உட்காரவைத்து, தலையை அவள் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து, கைக்குழந்தையானால் காது மடலைப் பின்னுக்கும் கீழுக்குமாக, வளர்ந்த பிள்ளையானால் பின்னுக்கும் மேலுக்குமாக இழுத்து, துவாரத்தை நேராக்கி, குறும்பியை எடுத்து, அப்புறம் குமிழ். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது?

அந்தச் சிரமத்தைக் குறைக்க வந்தது டிம்பனோமீட்டர். காதில் மென்மையான முனை ஒன்றை வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே ஒரு மெல்லிய ‘ஹூம்’ ஒலியை அனுப்பும். எவ்வளவு ஒலி திரும்பி வருகிறது என்று அளந்து கோடு போடும். ஜவ்வு தளர்வாக இருக்கும் அழுத்தத்தில் ஒலியை நன்றாக உள்வாங்கும். அந்த இடத்தில் கோடு மேலே எழும். நல்ல காதின் கோட்டைப் பார்த்தால் இராஜபாளையத்துச் சமவெளியில் சஞ்சீவி மலை தனியாக நிற்பது தெரியும். நீர் கட்டிய காதில் மலையே இருக்காது, கண்மாய்ப் படுகைபோல ஒரே தட்டை. குழாய் அடைத்து அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் மலை இருக்கும், ஆனால் இடப்பக்கமாக நகர்ந்திருக்கும். 1970இல் ஜெர்கர் என்ற அமெரிக்கர் இந்த மூன்று வடிவத்துக்கும் ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். அந்த ‘ஹூம்’ ஒலிக்கு 226 ஹெர்ட்ஸ் என்று ஒரு வினோதமான எண். அதில் காதின் ரகசியம் எதுவும் இல்லை. அந்த அதிர்வெண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் இடங்கொடுக்கும் தன்மை கணக்குக்கு வசதியாகச் சரியாக ஓர் அலகு வருகிறது, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஒலி பொய் சொல்லும். காதுத் துவாரத்தின் சுவரே நெகிழ்ந்து கொடுப்பதால் தட்டையாக வர வேண்டிய இடத்தில் மலை வந்துவிடும். அவர்களுக்கு 1000 ஹெர்ட்ஸ் வேண்டும்.

கருவிகள் நின்றுவிடவில்லை. 2019இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண செல்போனையே இந்த வேலைக்குப் பழக்கினார்கள். காகிதத்தை வெட்டிச் சிறு புனலாக மடித்துப் போனின் ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும் இடத்தில் ஒட்டி, முனையைக் காதில் வைக்கிறார்கள். போன் ஒரு கணம் பறவைபோலக் கீச்சிட்டு, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. போன ஒலியும் வந்த ஒலியும் ஒன்றையொன்று சில அதிர்வெண்களில் அழித்துக்கொள்ளும். அங்கே வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். நல்ல காதில் அந்தப் பள்ளம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். நீர் கட்டிய காதில் குறுகலாக, ஆழமாக இருக்கும். அவர்கள் சோதித்த விதம் எனக்குப் பிடித்தது. அறுவை சிகிச்சைக்கு வந்த குழந்தைகளை மேசையில் படுக்க வைப்பதற்குச் சற்று முன்பு போனால் பார்த்தார்கள். பிறகு ஜவ்வில் சிறு கீறல் போடும்போது நீர் வந்ததா இல்லையா என்று கண்ணால் கண்டு சரிபார்த்தார்கள். நீர் இருந்த காதுகளில் 85 சதவீதத்தைப் போன் சரியாகச் சொன்னது. மருத்துவ உலகில் சந்தேகத்துக்கு இடமில்லாத விடைத்தாள் அபூர்வமாகத்தான் கிடைக்கும்; இவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் போன் சொல்வது நீர் இருக்கிறது என்பதை மட்டும்தான். அதில் கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, டிம்பனோமீட்டருக்கும் தெரியாது. ‘நீர்’ என்று திரையில் வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் வாங்கினால் கருவி நல்லதைவிடக் கெடுதலைத்தான் செய்யும். இந்தக் கருவிகள் தொற்றைக் கண்டுபிடிக்கும் என்று விளம்பரப்படுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. இவை தொடர்ந்து கவனிப்பதற்கான கருவிகள். அந்த வேலைக்கு இவற்றைவிட நல்லது இல்லை.

கவனிப்பது என்றால் என்ன? 1970களில் பாஸ்டனில் டீல், க்ளைன் என்ற மருத்துவர்கள் காதுத் தொற்று வந்த குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். மருந்து கொடுத்து, வலி போய், காய்ச்சல் விட்டு, பிள்ளை விளையாடப் போன பிறகும் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து நூற்றில் 70 குழந்தைகளுக்குக் காதில் நீர் அப்படியே இருந்தது. ஒரு மாதத்தில் 40. இரண்டு மாதத்தில் 20. மூன்று மாதத்தில் 10. தானாகவே வற்றிக்கொண்டு போகும் இந்த வரிசையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லை. அவசரப்பட்டு அடுத்தடுத்து மருந்து மாற்றுவது வீண். அதே சமயம் பத்தில் ஒரு பிள்ளை மூன்று மாதம் கழித்தும் அடைத்த காதோடு நடமாடுகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாமல். அந்தப் பத்தில் ஒன்றைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது முறை பார்ப்பது.

நீர் கட்டிய காதின் கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் குறையும். இரு காதிலும் விரலை வைத்து இலேசாக அடைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தால் தெரியும். பிள்ளையைக் கூப்பிட்டால் கேட்கும், திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ‘தட்டு’, ‘பட்டு’, ‘கட்டு’ மூன்றில் டீச்சர் எதைச் சொன்னார் என்பதுதான் குழம்பும். சொற்களின் வால்கள் தேய்ந்து கேட்கும். பேச்சு பழகும் இரண்டு மூன்று வயதில் இப்படி மாதக்கணக்கில் போனால் சொல் சேருவது தாமதப்படலாம். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது, ‘என்ன, என்ன’ என்று திருப்பிக் கேட்பது, கவனமில்லை என்று பள்ளியில் புகார் வருவது ஆகியவைதான் வெளியே தெரியும் தடயங்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்களில் இந்தத் தடயங்களும் மறைந்துபோகும். தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள், எல்லோரும் ‘என்ன’ என்றுதான் கேட்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 284 பிள்ளைகளைச் சோதித்து 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. நடுக்காது நோய் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. பெரும்பாலான பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

இராஜபாளையம் என்றதும் காது கேளாமை பற்றிப் பேசுகிறவர்கள் நாயைத்தான் நினைப்பார்கள். உடம்பெல்லாம் வெள்ளையாக, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும் இராஜபாளையம் நாய்க் குட்டிகளில் பல பிறவியிலேயே செவிடு. அது வேறு கதை. நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாதபோது ஒலியை உணரும் முடிச் செல்கள் பிறந்த சில வாரங்களில் செத்துவிடுகின்றன. அங்கே கெட்டுப்போவது ஒலியை வாங்கும் இடம், திருத்த வழியில்லை. நடுக்காதில் நீர் கட்டும்போது கெடுவது ஒலி போகும் வழி மட்டும். வழி திறந்தால் முழுவதும் திரும்பிவிடும். பிறந்த குழந்தைக்குச் செய்யும் செவித்திறன் சோதனையில் தேறிவிட்டது என்பதால் இரண்டு வயதில் காதில் நீர் கட்டாது என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை உட்காது கெடும் வகைக்கானது.

கடும் தொற்றுக்கு வருவோம். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வலி மிதமாக இருந்து, காய்ச்சல் அதிகமில்லாமல் இருந்தால், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. பலருக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், கடும் வலியோ 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ உள்ளவர்களுக்கும், சீழ் வடிகிறவர்களுக்கும், இரு காதும் பாதிக்கப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது. நம் ஊர் டாக்டர்கள் காத்திருப்பதற்குத் தயங்கினால் அதற்கு நியாயம் இருக்கிறது. காத்திருப்பது என்பது இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து காட்டுவதற்கான ஒப்பந்தம். மில்லில் ஷிப்டு, தறியில் பீஸ் கணக்குக் கூலி என்று ஓடும் வீட்டில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு நாள் கூலி. திரும்பி வருவாள் என்று நிச்சயமில்லாத தாயிடம் காத்திருக்கச் சொல்ல டாக்டருக்கு மனம் வராது. ஆன்டிபயாடிக் பல சமயம் நோய்க்காக எழுதப்படுவதில்லை, வராத இரண்டாவது நாளுக்காக எழுதப்படுகிறது.

இனி, காது ஒழுகுதல். சீழின் அழுத்தத்தில் ஜவ்வு கிழிந்து வெளியே வந்துவிட்டால் வலி சட்டென்று நிற்கும். தாய்க்கு நிம்மதி. பெரும்பாலும் கிழிசலும் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். குழந்தைகள் நலனுக்காக நம் நாட்டின் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குக் கற்றுத்தரப்படும் ஐஎம்என்சிஐ முறையில் இதற்கு ஓர் எளிய கோடு இருக்கிறது: 14 நாள். அதற்குள் என்றால் கடும் தொற்று. 14 நாளோ அதற்கு மேலோ ஒழுகினால் நாட்பட்டது. காதுக்குப் பின்னால் தொட்டால் வலிக்கும் வீக்கம் இருந்தால் எலும்புக்குள் போய்விட்டது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஓட்டோஸ்கோப் இல்லாமல், ஒரு காலண்டரையும் விரலையும் வைத்துச் செய்யும் நோயறிதல் இது. நாட்பட்ட காது ஒழுகல் ஒரு சமூகத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வேலூர்க் கல்லூரியினர் 1999இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பத்து வயதுக்குட்பட்ட கிராமத்துப் பிள்ளைகளிடம் கண்டது நூற்றுக்கு ஆறு.

நாட்பட்ட காதுக்கு முதல் வைத்தியம் உலர்த்துவது. ஈரமாக இருக்கும் வரை சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் போகாது. சீழுக்கு மேல் ஊற்றும் மருந்தும் உள்ளே இறங்காது. சுத்தமான, நீர் உறிஞ்சும் துணியைத் திரிபோல முறுக்கி மெதுவாகக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்து, திரி காய்ந்து வரும் வரை செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. இந்த வைத்தியத்துக்கு வேண்டிய துணி உற்பத்தியாவது இராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சத்திரப்பட்டிப் பகுதியின் தறிகளிலிருந்துதான் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் போகின்றன. தறியிலிருந்து இறங்கிய பச்சைத் துணி நீரை உறிஞ்சாது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கி, வெளுத்த பிறகுதான் அது மருத்துவத் துணி. வீட்டுப் பழைய சேலை தண்ணீரை நன்றாகக் குடிப்பதும் இதனால்தான். சலவையிலேயே மெழுகு போயிருக்கும். சுத்தமாகத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்திச் சேலை திரிக்குப் போதும். தீக்குச்சி, ஊக்கு, பட்ஸ் எதுவும் கூடாது.

திரி மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கென்யாவின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1996இல் லான்செட் இதழில் வந்தது. வெறுமனே துடைத்து உலர்த்தியவர்களில் 16 வாரம் கழித்து ஒழுகல் நின்றது 22 சதவீதத்துக்கு. ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் அதே 22. உலர்த்தியதோடு ஆன்டிபயாடிக்கும் சொட்டு மருந்தும் சேர்த்தவர்களுக்கு 51. ஆக, திரி என்பது மருந்துக்குப் பாதை போடுவது. பாதையே பயணம் ஆகாது. சொட்டு மருந்திலும் கவனம் வேண்டும். ஜவ்வில் ஓட்டை இருக்கும் காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகைதான் பாதுகாப்பு. ஜென்டாமைசின் போன்றவை ஓட்டை வழியாக உட்காதுக்குப் போனால் முடிச் செல்களைக் கொல்லக் கூடியவை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். வலிக்கும் காதில் ஜவ்வு முழுசாக இருக்கிறதா கிழிந்திருக்கிறதா என்று எண்ணெய்க் கரண்டியோடு நிற்கும் பாட்டிக்குத் தெரிய வழியில்லை.

வராமல் தடுப்பது பற்றிக் கொஞ்சம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காதுத் தொற்று குறைவு. புட்டிப்பாலை மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுப்பதும், வீட்டுக்குள் பீடி சிகரெட் புகையும் அதைக் கூட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். பால்கோவா சாப்பிட்டால் காதில் சீழ் பிடிக்காது. பாலின் மீது குற்றமில்லை, படுத்துக்கொண்டு குடிப்பதில்தான். நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் அரசு அட்டவணையில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தடுப்பதுதான் அதன் பெரிய பயன். ஃபின்லாந்தில் இதன் பழைய வடிவத்தைச் சோதித்தபோது, ஊசியில் உள்ள வகைக் கிருமிகளால் வந்த காதுத் தொற்று பாதிக்கு மேல் குறைந்தது. எல்லாக் காதுத் தொற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைந்தது 6 சதவீதம்தான். ஊசி போட்ட பிள்ளைக்கும் காது வலிக்கும். ஊசியைக் குறை சொல்ல வேண்டாம்.

மூன்று மாதம் தாண்டியும் நீர் வற்றாமல், கேட்கும் திறனும் குறைந்திருந்தால் ஜவ்வில் சிறு கீறல் போட்டு நீரை எடுத்து, கிராமெட் என்ற சின்னக் குழாயைப் பொருத்துவார்கள். 1954இல் அமெரிக்காவின் சார்லட் நகரத்து மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் இதைப் பிளாஸ்டிக்கில் செய்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடைத்துப்போன யூஸ்டேசியன் குழாய்க்குப் பதில் காற்று இந்த வழியே போகும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் தானே விழுந்துவிடும். அதற்குள் குழந்தையும் வளர்ந்து, யூஸ்டேசியன் குழாயும் நீண்டு சரிந்திருக்கும். அந்த அறுவைக்குப் போக வேண்டியவர்கள் மிகக் குறைவு. ஆனால் யார் அந்தக் குறைவானவர்கள் என்று தெரிய எல்லோரையும் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போக வேண்டும். நடுக்காது நோயும் செவித்திறன் குறைவும் அவர்கள் தேட வேண்டிய பட்டியலில் உள்ளன. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. குறை எங்கே என்றால், குழு வரும் நாளில் காது நன்றாக இருக்கும் பிள்ளை அடுத்த மாதம் சளி பிடித்து நீர் கட்டிக்கொள்ளும். இந்த நோய் போவதும் வருவதுமாக இருப்பது. ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் படம் அதைப் பிடிக்காது. கையடக்க டிம்பனோமீட்டரோ, சரிபார்க்கப்பட்ட போன் செயலியோ கிராம சுகாதாரச் செவிலியர் கையில் இருக்குமானால் அதற்குரிய இடம் இதுதான்: சீட்டில் ‘காது’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் தேடிப் போய் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பார்ப்பது. புதிய ஆஸ்பத்திரி கட்டுவதைவிட இது மலிவு.

அது வரும் வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கார்த்திகையில் காது வலித்த பிள்ளையை, வலி நின்று ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும், மாசியில் ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். நீர் வற்றிவிட்டதா என்று கேளுங்கள். ஜவ்வு அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது பழைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காது, எந்தத் தேதி, என்ன மருந்து என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.